ஏறி இறங்கிய எண்

"மறுபடியும் ஏறிட்டுது" என்றார் டாக்டர் தம்பு. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஓர் அழுக்கும் இல்லை. எதிரே இருப்பவர்கள் முகத்தைப் பார்க்காமலிருக்க அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிரிக்பீல்ட்ஸில் அவருடைய கிளினிக் திறக்க இன்னும் நேரம் இருந்தது. வாசல் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர். அவருடைய தங்கை நேசம்மா, அரசாங்க இலாகாவில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அமர்த்திய துப்பறியும் திருமுருகன். அவனுடைய உதவியாளர் சுமையா.

"எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டான் திருமுருகன்.

"தொண்ணூறு. போன தரம் பூச்சியம். அதுக்கு முந்தி எண்பத்தெட்டு."

நேசம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "திரும்பவுமா? ஒருக்கா கலைச்சுப் போட்டு, அதே ஆளிட்ட திரும்பவும் போனவளா? தம்பி, இனி என்ன மிச்சம் இருக்கு? அவன்ட பேரையும் விலாசத்தையும் மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ. நான் கல்யாணத்தை நிப்பாட்டுறன்."

"டாக்டர், ஒண்ணு கேட்கலாமா?" என்றாள் சுமையா. அவளுக்கு இந்த மாதிரி இடங்களில் வாயைக் கட்டிப்போடத் தெரியாது. "பிள்ளை என்ன டோல் கார்டா? தேய்ச்சா இறங்குறதுக்கும், டாப் அப் பண்ணா ஏறுறதுக்கும்?"

நேசம்மா அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தார். திருமுருகன் மட்டும் சிரிக்கவுமில்லை, அவளை அதட்டவுமில்லை. அந்தப் பேச்சு அவன் மண்டையில் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது.

கதை இதுதான். நேசம்மாவின் ஒரே மகன் செந்தூரனுக்கும் கிள்ளான் பெண் அனுப்பிரியாவுக்கும் இன்னும் இரண்டு வாரத்தில் கல்யாணம். இடையில் அனுப்பிரியாவுக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. சேருமுன் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். குடும்பத்திலேயே டாக்டர் இருக்கும்போது வெளியே எதற்கு என்று நேசம்மா தன் அண்ணனிடம் அனுப்பி வைத்தார். எக்ஸ்ரே எடுக்கும் முன் பெண்களுக்குச் செய்கிற சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்தது. டாக்டர் இரத்தமும் எடுத்துப் பார்த்தார். எச்.சி.ஜி. என்று ஒரு ஹார்மோன்; கர்ப்பமானால் உடம்பு தானே சுரப்பது. கர்ப்பம் இல்லாதவளுக்கு அது ஐந்தைத் தொடக் கூடாது. அனுப்பிரியாவுக்கு எண்பத்தெட்டு.

செந்தூரன் அப்போது நான்கு மாதமாகக் கடல் தாண்டிச் சரவாக்கில் வேலையாக இருந்தான்.

டாக்டர் அனுப்பிரியாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் இன்பெக்‌ஷன் மாதிரிக் கிடக்கு பிள்ளை, பத்து நாளால வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். தங்கையிடம் மட்டும் ஒன்று விடாமல் சொன்னார். தங்கை அன்றைக்கே துப்பறியும் நிபுணனைத் தேடிப் பிடித்தார். பத்து நாள் கழித்து எண் பூஜ்யம். கலைத்துவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. அடியோடு போய்விட்டதா என்று பார்க்க நேற்று மூன்றாம் முறையாக அவளைக் கூப்பிட்டு, அதே இன்பெக்‌ஷன் கதையைச் சொல்லி இரத்தம் எடுத்தார்கள்.

திருமுருகனும் சும்மா இருக்கவில்லை. முந்தாநாள், புதன்கிழமை, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையின் பக்கவாட்டு மாடிப்படியில் அனுப்பிரியா ஏறுவதையும், மேலே ஒரு வாட்டசாட்டமான ஆள் கதவைத் திறந்து அவளை உள்ளே விடுவதையும் படமெடுத்து நேசம்மாவுக்கும் செந்தூரனுக்கும் அனுப்பியிருந்தான். 'ஆள் இவன்தான் போலிருக்கிறது' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தான். எழுதும்போது சாமர்த்தியமாகத் தோன்றியது.

"சாயந்தரத்துக்குள்ள பதில் சொல்றேன் அம்மா" என்று எழுந்தான்.

பெடரல் ஹைவேயில் வழக்கமான ஜாம். காரின் ஏர்கண்டிஷன் ஊளையிட்டது.

"பாஸ், உங்க ஏர்கோனும் உங்க கிளையண்டும் ஒண்ணு. சத்தத்துக்குக் குறைச்சல் இல்ல, குளிரத்தான் மாட்டேங்குது" என்றாள் சுமையா. அவன் சிரிக்காததைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன பாஸ், மூஞ்சியில ஈ ஆடல?"

"எண்ணைப் பத்தி யோசிக்கிறேன்."

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனும் அவன் மனைவி வாணியும் அந்த எண்ணுக்காகத்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் எண் வந்ததும் வாணி அழுது சிரித்தாள். "அவசரப்படாதீங்க, ஒரே ஒரு எண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள் அங்கிருந்த லேடி டாக்டர். ஆரம்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அது ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். அடுத்த எண்ணைப் பார்த்தால்தான் போக்கு தெரியும். ஒருத்திக்கு ஐம்பது இருக்கும், அதே வாரத்தில் இன்னொருத்திக்கு ஐந்நூறு இருக்கும், இரண்டு பேரும் நன்றாகத்தான் இருப்பார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். வாணியின் எண் இரட்டிப்பாகவில்லை. கொஞ்சம் ஏறியது, நின்றது, பிறகு இறங்கியது. அதன் பிறகு அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இத்தனையும் தெரிந்தவன், ஒரு கிள்ளான் பெண் மாடிப்படி ஏறியதைப் பார்த்தவுடன் அத்தனையையும் மறந்துபோனான். காருக்குள் குளிராமலே அவனுக்கு உடம்பு கூசியது.

"சுமையா, இதைக் கேளு. புதன்கிழமை அவ அந்த மாடி ஏறுனா. வியாழக்கிழமை ரத்தம் எடுத்தாங்க. எண் தொண்ணூறு. மேல இருந்தவன் காதலன்னே வெச்சுக்க. ஒரே நாள்ல எண் ஏறுமா?"

"ஏறாதா?"

"ஏறாது. கரு உண்டாகணும், அது நகர்ந்து போய்க் கர்ப்பப்பையில ஒட்டணும். அதுக்கப்புறம்தான் இந்த ஹார்மோன் சொட்டுச் சொட்டா ஆரம்பிக்கும். ஒரு வாரத்துக்கு மேல ஆகும்."

"அப்ப முன்னாடியே வேற எங்கயாவது..."

"அதுவும் இல்ல. நாலு நாளைக்கு முன்னாடிதானே பூஜ்யம்னு சொன்னாங்க? நெசமான கர்ப்பம் ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு படிப்படியா ஏறும். பூஜ்யத்துலேர்ந்து தொண்ணூறுக்கு நாலு நாள்ல தாவாது. இன்னொண்ணையும் கவனி. முதல்ல எண்பத்தெட்டு, இப்பத் தொண்ணூறு. ரெண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு. யாரோ அளந்து ஊத்துன மாதிரி."

சுமையா கொஞ்ச நேரம் வெளியே லோரிகளைப் பார்த்தாள். "அப்ப உள்ள ஊறல. வெளியிலேர்ந்து ஏத்துறாங்க."

"ம்."

"இதைத்தானே பாஸ் நான் காலையிலேயே சொன்னேன், டாப் அப்னு? நான் சொன்னா ஜோக்கு, நீங்க சொன்னா துப்பு!"

கிள்ளானில் காரை நிறுத்த இடம் கிடைப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. சேலைக்கடை வாசலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டு மாடிப்படிக்கு மேலே ஒரு மணப்பெண்ணின் படம். சிவப்புப் பட்டு, கழுத்து நிறைய நகை. மணப்பெண் அலங்கார நிலையம். முந்தாநாளும் இந்தப் படம் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவன் கண் கதவைத் திறந்த ஆளை மட்டுமே பார்த்திருக்கிறது.

"நான் போறேன்" என்றாள் சுமையா. தன் உருண்டையான உடம்பை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "இதை வெச்சுக்கிட்டு நான் நடிக்கவே வேணாம் பாஸ். என்னைப் பாத்த உடனே பேக்கேஜ் வித்துருவாங்க."

கைப்பேசியில் அவனைக் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினாள். திருமுருகன் எதிர்ப்புறம் வடைக்கடையில் தே தாரிக் டீ சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வாங்கக்கா, உக்காருங்க. நான் குரு. கல்யாணம் யாருக்கு?"

"தங்கச்சிக்கு. ஆனா போட்டோவுல நானும் நிக்கணும்ல? ஒரு பக்கம் முழுக்க நானே அடைச்சுக்கிட்டா மாப்பிள்ளை எங்க நிப்பாரு?"

குரு சிரித்தான். நல்ல வியாபாரச் சிரிப்பு. "கவலையே வேணாம்கா. நம்மகிட்ட பிரைடல் ஸ்லிம்மிங் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான். சோறு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கணும்."

"என்ன ஊசி?"

"வைட்டமின் லா."

"வைட்டமினுக்கு நான் எதுக்கு மாடி ஏறணும்? பாசார்ல கீரை வாங்கித் தின்னுட்டுப் போறேன். சரி, வரேன்."

நாற்காலி நகரும் சத்தம். குருவின் குரல் தாழ்ந்தது. வாடிக்கையாளர் எழுந்துவிட்டால் வியாபாரியின் ரகசியம் தானாக வெளியே வரும் என்பது சுமையாவின் நம்பிக்கை. அது இதுவரை பொய்த்ததில்லை.

"அக்கா, அக்கா, இருங்க. எல்லார்கிட்டயும் சொல்றதில்ல. இது ஹார்மோன். பொம்பளைங்க மாசமா இருக்கும்போது உடம்பு தானா சுரக்குதே, அது. எச்.சி.ஜி. இதைப் போட்டா உள்ள பிள்ளை இருக்குன்னு உடம்பு நெனச்சுக்கும். இருக்குற கொழுப்பை எல்லாம் கரைச்சுப் பிள்ளைக்கு அனுப்பும். பிள்ளைதான் இல்லையே? அதனால நீங்க இளைச்சுருவீங்க."

"அட! எனக்கே தெரியாம நான் மாசமா?"

"உடம்புக்கு மட்டும்தான்கா."

"இதை மணப்பொண்ணுங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"சொன்னா பயந்துக்கும்ங்க. வைட்டமின்னுதான் சொல்லுவோம்."

திருமுருகன் கையிலிருந்த தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. வாணியின் எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் இருந்த அதே மூன்று எழுத்து. இளைக்க வைக்கும் என்று யாரோ கட்டிவிட்ட கதையை நம்பி, ஒருவன் அதை மாடியில் வைத்து ஊசியால் ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஏற்றிய மறுநாள் எந்தப் பரிசோதனையும் அவளைக் கர்ப்பிணி என்றுதான் சொல்லும். பத்து நாளில் மருந்து கரைந்துபோனால் கலைத்துவிட்டாள் என்று சொல்லும். இதில் காதலனும் இல்லை, கருவும் இல்லை. கல்யாணப் படத்தில் குண்டாகத் தெரிந்துவிடுவோமோ என்று பயந்த ஒரு பெண் மட்டும்தான் இருக்கிறாள்.

கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி அரை நிமிடம் கூட நிற்கவில்லை. அந்தப் பக்கம் சுமையா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிரியா சொல்லித்தான் நான் வந்ததே. அவளுக்குத் தெரிஞ்சவங்கன்னா ஏதாச்சும் தள்ளுபடி கிடைக்குமா?"

"ஓ, அந்தப் பொண்ணா! பாவம், ஊசின்னா ரொம்பப் பயம்கா. கண்ணை இறுக்கி மூடிக்கும். ஆனா அது தானா வந்த கேஸ் இல்ல. மாமியார் எடுத்துக் குடுத்த பேக்கேஜ்."

"யாரு?"

"மாமியாரு லா. பிரிக்பீல்ட்ஸ் அம்மா. அவங்களே கார்ல கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியிலதான் உக்கார வெச்சாங்க. 'என்ட மகனுக்குப் பக்கத்தில நிக்க வேணும், கொஞ்சம் இறக்கித் தாங்கோ'ன்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. அந்தப் பொண்ணு தலையைத் தூக்கவே இல்ல."

சுமையா தள்ளுபடியை மறந்துவிட்டாள். போனில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கீழே இறங்கி வந்தபோது படிக்கு அடியில் அனுப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். கையில் தையற்கடைப் பை. ரவிக்கை வாங்க வந்திருக்கிறாள் போலும். திருமுருகன் தெருவைக் கடந்து ஓடி வருவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, நீங்க அன்னைக்குக் கொமுட்டர் ரயில்ல எனக்கு எதிர்ல உக்காந்திருந்தவங்கதானே? செந்தூல் ஸ்டேஷன்லயும் பாத்தேன். எங்க வீட்டு முனையிலயும் பாத்தேன்." வந்து நின்ற திருமுருகனைக் கை காட்டினாள். "இவரையும் பாத்திருக்கேன். யாருங்க நீங்க? எதுக்கு என் பின்னாலயே வரீங்க?"

சுமையா திருமுருகனைப் பார்த்தாள். திருமுருகன் தரையைப் பார்த்தான்.

வடைக்கடையின் உள்மேசையில் வைத்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். சிறுநீர்ப் பரிசோதனை எதற்கு என்பதை, இன்பெக்‌ஷன் என்பது பொய் என்பதை, மூன்று எண்களை, அவற்றுக்கு அந்த வீட்டில் படித்த அர்த்தத்தை. புதன்கிழமை எடுத்த படத்தையும் காட்டினான். காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார அவனால் முடியவில்லை.

அனுப்பிரியா கத்துவாள், மேசையில் இருப்பதைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தான். அவள் துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

"அம்மாகிட்டகூட சொல்லல அங்கிள். ரவிக்கை அளவு குடுக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வருவேன். குண்டா இருக்கேன்னு மாமியாரே கூட்டிட்டுப் போய் ஊசி போட வெச்சாங்கன்னு எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "மூணு தடவை ரத்தம் எடுத்தாங்க. நான் டாக்டர் அங்கிளுக்கு ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன். ரெண்டாவது தடவை பழம் வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன்."

"நல்லவேளை துரியான் இல்ல, அந்தாளு தொண்டையில..." என்று ஆரம்பித்த சுமையா, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"செந்தூரனுக்குத் தெரியுமா?"

திருமுருகன் படத்தைக் காட்டிய கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். செந்தூரனுக்கு முதல் எண் வந்த அன்றே தெரியும். அவளுடைய புகைப்படத்தையும் அவள் போகிற வருகிற இடங்களையும் அனுப்பி வைத்தவனே அவன்தான். 'நான் நேரில் கேட்க விரும்பவில்லை' என்று ஒரு செய்தியும் போட்டிருந்தான். அதைப் படித்தபோது திருமுருகனுக்கு அவன்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

"தெரியும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "அதான் போனை எடுக்கறதில்ல." எழுந்தாள். "என்னைப் பிரிக்பீல்ட்ஸ்ல விடுங்க. எப்படியும் இப்பப் பதில் சொல்லத்தானே போறீங்க? நான் இருக்கும்போதே சொல்லுங்க."

நேசம்மாவின் வீட்டு வரவேற்பறையில் அவரோடு, சரவாக்கிலிருந்து திரும்பியிருந்த செந்தூரனும் இருந்தான். டாக்டர் தம்பு இருந்தார். திருமுருகன் கூட்டி வந்த ஆளைப் பார்த்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"தம்பி, இவளை ஏன் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"நீங்க கேட்ட ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன் அம்மா. அவளை அந்த மாடிக்கு அனுப்பி வெச்ச ஆள்."

"ஆர்?"

"நீங்கதான்."

சுருக்கமாகச் சொன்னான். ஊசியின் பெயரைச் சொன்னதும் டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "ஊசி ஏதும் போட்டனீங்களோ எண்டு ஒரு கேள்வி" என்று முணுமுணுத்தார். "ஒரே ஒரு கேள்வி. நான் கேக்கேல்லை. எண்ணைப் பாத்த உடனே எனக்குப் பதில் தெரிஞ்சிட்டுது எண்டு நினைச்சிட்டன்."

நேசம்மாவின் முகம் பேயறைந்தது போலாகியிருந்தது. ஆனால் நாற்பது வருடம் இலாகாவை நடத்திய பெண்மணி. சீக்கிரமே சமாளித்துக்கொள்ளப் பார்த்தார்.

"பிள்ளை, நான் நல்லதுக்குத்தான் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். சத்தியமா எனக்கு இது தெரியாது. சரி, கடவுளே எண்டு ஒண்டுமில்லாமப் போச்சுது. நாங்கள் எல்லாத்தையும் மறந்திடுவம். நாள் மாறாது. என்ன செந்தூரன்?"

"ஸாரி, அனு" என்றான் செந்தூரன். அவனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத் தரைக்கு நல்ல மரியாதை.

"நீங்க மறந்துருவீங்க ஆன்டி" என்றாள் அனுப்பிரியா. "மத்தவங்க?"

"எந்த மத்தவை?"

"உங்களுக்குத் தெரிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. ரெண்டு வாரமா இதை நீங்க மூணு பேர் மட்டுமா வெச்சிருந்தீங்க? போன வெள்ளிக்கிழமை கோயில்ல உங்க தங்கச்சி என்னைப் பாத்துட்டு, பாக்காத மாதிரி போனாங்க. அன்னைக்கு எனக்குப் புரியல. கார்ல வரும்போதுதான் புரிஞ்சுது." அவள் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தாள். "கல்யாணம் நடக்குதா இல்லையான்னு நான் அப்புறம் யோசிச்சுச் சொல்றேன். இப்ப எனக்கு அது முக்கியம் இல்ல. நீங்க யார் யார்கிட்டச் சொன்னீங்களோ அவங்க எல்லாருக்கும் இப்பவே, என் முன்னாலயே போன் பண்ணணும். என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லணும். ஊசி யாரு போட வெச்சாங்கன்னும் சேத்துத்தான் சொல்லணும்."

"பிள்ளை, அப்பிடிச் சொன்னா என்ட மானம்..."

"என்னோடது போனப்ப உங்களுக்குத் தெரியலையே ஆன்டி."

யாரும் போனைத் தொடவில்லை. டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். செந்தூரன் அம்மாவைப் பார்த்தான், அம்மா அண்ணனைப் பார்த்தார். இந்த இடத்தில் எதையாவது சொல்லி இறுக்கத்தை உடைக்கக்கூடிய ஒரே ஆள் சுமையா. அவளோ தன் முதலாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருமுருகனுக்குக் காது மடல் சூடேறியது. கூலிக்கு வேலை செய்தவன், வேலை முடிந்தது, வணக்கம் சொல்லிவிட்டுப் படி இறங்கலாம். யாரும் தடுக்கப்போவதில்லை. அவன் என்ன செய்தான் என்பது இந்த அறையில் யாருக்கும் தெரியாது. சுமையாவுக்கே தெரியாது.

"முதல்ல நான் பண்றேன்" என்றான்.

அனுப்பிரியா திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? நீங்க யார்கிட்டச் சொன்னீங்க?"

"என் வீட்டுல."

எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தான். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"வாணி. செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னேன்ல? கல்யாணத்துக்கு முன்னாடியே கலைச்சுட்டான்னு."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அது பொய். அவ மாசமாவே இல்ல. யாரோ போட்ட ஊசி, எண் அப்படிக் காட்டியிருக்கு. நான் ஒண்ணும் விசாரிக்காம உன்கிட்ட வந்து கதை சொல்லிட்டேன்."

 அன்றிரவு வாணி சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தது அவன் கண்முன் வந்தது. "ஒண்ணு தங்கினா போதும்னு கெஞ்சினவ நான் இங்க இருக்கேன், அவ வேணாம்னு எடுத்துப் போட்டுட்டாளா?" என்று சமையலறையில் நின்று அந்த முகம் தெரியாத பெண்ணைச் சபித்தாள். அவன் அதைத் தடுக்காமல் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் அந்தப் பிள்ளையை என்னென்ன சொல்லித் திட்டுனேன்" என்றாள் வாணி. அழுகிறாள் என்று தெரிந்தது. "நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமா."

"இப்ப எங்க இருக்கா அது?"

"இங்கதான். என் எதிர்ல நிக்குது."

"போனை அதுகிட்டக் குடுங்க."

திருமுருகன் போனை எடுத்து நீட்டினான்.  அனுப்பிரியா அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் வாணி என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. "பரவால்லக்கா" என்று அனுப்பிரியா சொன்னது மட்டும் கேட்டது. அதைச் சொன்ன பிறகுதான், அன்று முதல் முறையாக, அவள் அழுதாள்.

நேசம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு தங்கையின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.